நுகராத பூ

நீங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கூடத்தில் ஏதோ நெடி அடிக்கிறது என்று அறிந்துகொண்டேன். ஃபினாயிலாக இருக்கும். சற்று முன்பு தரையைத் துடைத்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது ஐயா. என் மூக்கு ஓய்வு பெற்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் செய்தியை எனக்குத் தெரிவிக்காமலே ஓய்வு பெற்றுவிட்டது.

அமருங்கள். என் இருபுறமும் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இவ்வளவு கூட்டத்திலும் எனக்கு இடம் விட்டே அமர்கிறார்கள். பேருந்திலும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து இந்தப் பாளையங்கோட்டை வரை நிற்கவும் இடமில்லாத வண்டியில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலி. என் மனைவிகூட ஜன்னலோரம் வேண்டும் என்று முன்னால் போய்விட்டாள். நெற்றி நிறையத் திருநீறும் மடியில் சாமிக்குரிய பூப்பொட்டலமுமாக இருப்பவரை நெருக்கிக்கொண்டு அமர யாருக்கும் மனம் வரவில்லை. நம் மக்களிடம் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை.

உங்கள் டோக்கன் நாற்பதா? என்னுடையது முப்பத்தேழு. உள்ளே இருப்பது இருபத்தொன்பது. இந்த டாக்டரம்மா ஒவ்வொருவரையும் பத்து நிமிடமாவது வைத்துக்கொள்வார். ஆகவே நாம் பேசலாம். என் குரல் கேட்கிறதா? கொஞ்சம் சாய்ந்து கேளுங்கள். முன்பெல்லாம் நான் பதிகம் பாடினால் ராஜகோபுரத்துப் புறாக்கள் எழும். இப்போது பக்கத்துத் தூணுக்கே கேட்பதில்லை.

என் பெயர் திருமலைக்கொழுந்து. நில அளவைத் துறையில் வரைவாளராக முப்பத்துமூன்று ஆண்டுகள். ஓய்வுக்குப் பிறகு பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பூப்பணிக் குழுவுக்குத் தலைவன். நந்தவனத்தில் பூப்பறித்து, மண்டபத்தில் அமர்ந்து மாலை தொடுத்து, விடியற்காலைப் பூசைக்குள் பட்டர் கையில் சேர்க்க வேண்டும். இன்னும் ஒன்பது நாளில் திருவாதிரை. அன்று பதினாறு மாலைகள் வேண்டும். என்னிடம் இருப்பவை நான் சொன்னபடி மடங்காத பத்து விரல்கள். தொடுக்கத் தெரிந்தவள் ஒருத்தி உண்டு, முப்பிடாதி என்று பெயர். அவள் வந்தால் சாமிக்கு மாலை. வராவிட்டால் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சரிகை மாலை. என் கவலை முழுவதும் அதுதான். நோய் இரண்டாம் பட்சம்.

அவள் ஏன் வரவில்லை என்றால், நான் நீக்கிவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். சாமிக்குரிய பூவை நாம் நுகரக் கூடாது. முதல் மணம் அவனுக்கு. நம் மூச்சுக்காற்றும் அதன் மேல் படலாகாது. ஆகவே வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் எங்கள் குழுவில் பூவைத் தொடலாம். தொடங்கியபோது பதினொரு பேர் இருந்தோம். ஒருவர் துணியைத் தளர்த்திவிட்டுத் தும்மினார். நீக்கினேன். தும்மல் என் கையிலா இருக்கு என்று சண்டைக்கு வந்தார். தும்மல் உங்கள் கையில் இல்லை, கூடை உங்கள் கையில் இருந்தது என்றேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் கூடையின் மேல் தேவைக்கு அதிகமாகக் குனிந்தார். நுகர்ந்தாரா என்று நான் பார்க்கவில்லை. நுகரக்கூடிய தொலைவில் இருந்தார். அது போதாதா? கருப்பட்டிக் கடைக்காரர் எதுவும் செய்யவில்லை. ஆனால் செய்யப்போகிறவர் போல ஒரு முகம். காவல் என்றால் காவல்தான் ஐயா. இப்படியாக மண்டபம் தூய்மையடைந்து வந்து, சென்ற ஐப்பசியில் நானும் முப்பிடாதியும் மட்டும் எஞ்சினோம்.

அவள் பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் முப்பது ஆண்டுகள் சமைத்தவள். தெருமுனையில் நின்றபடியே யார் வீட்டில் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மூக்கைத் துணியால் கட்டி வைத்திருந்தேன்.

என் மூக்கின் கதை வேறு. ஓர் ஆடி மாதம், பிச்சிப்பூ கூடை கூடையாக வந்தது. துணியை அவிழ்த்த பிறகும் எனக்கு ஒரு மணமும் வரவில்லை. அன்று நான் அடைந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன். புலன் ஐந்தையும் அடக்கவேண்டும் என்று பெரியோர் பாடிப் பாடி வைத்தார்களே, அவற்றில் ஒன்று எனக்கு வசமாகிவிட்டது. மற்ற நான்கும் வரிசையில் நிற்கின்றன என்று எண்ணினேன். வீட்டில் சொன்னேன். உலகம்மாள் (என் மனைவி) அப்போது என்னை மேலும் கீழும் பார்த்து, “அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கருகுன வாடை தெருவெல்லாம் அடிக்கி. பக்கத்துல இருந்து பதிகம் படிச்சிக்கிட்டு இருந்தீங்களே, அதுவும் புலனடக்கமா?” என்றாள். ஞானம் வளரும் வீட்டில் கொஞ்சம் பால் கருகத்தான் செய்யும் என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. என் கையெழுத்து சிறுத்தது. வரைபடத்தில் கடுகளவு எழுத்து எழுதியவன் நான். பழைய கைத்திறன் திரும்புகிறது என்று மகிழ்ந்தேன். முகம் அசைவற்றுப்போனது. இன்பதுன்பங்களைச் சமமாகக் கொள்ளும் நிலை என்றார்கள். அதாவது நான் சொன்னேன், அவர்கள் மறுக்கவில்லை. காலைக்கடன் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆனது. நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்பதன் பயன் என்று விட்டுவிட்டேன்.

இரவில் ஒரு கனவு வரும். கோயில் காளை நந்தவனத்துக்குள் புகுந்து அரளியைத் தின்னும். நான் ஓடிப்போய் உதைப்பேன். விடிந்து பார்த்தால் உலகம்மாளின் முழங்கால் வீங்கியிருக்கும். காளையை உதைப்பது எவ்வளவு பெரிய அபராதம். ஆகவே சோமவாரந்தோறும் பட்டினி கிடந்து கழுவாய் தேடினேன். அவள் அதற்கும் குறை சொன்னாள். “கனவுல வந்த மாட்டுக்காகப் பட்டினி கிடக்கீங்க. நிசமா உதை வாங்குனவளுக்கு ஒரு தைலம் தேச்சு விட்டீங்களா?” என்றாள். அதன் பிறகு அடுத்த அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள்.

கடைசியாக வந்தது இந்தக் கை. பாருங்கள், இதோ, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கின்றனவா? மடியில் கை ஓய்ந்திருக்கும்போது இது தானாக நடக்கும். மண்டபத்தில் பார்த்தவர்கள், உருத்திராக்க மாலையே இல்லாமல் ஐயா செபம் எண்ணுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் காலில் விழுந்து எழுந்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் உறங்கினாலும் விரல் ஐந்தெழுத்தை எண்ணுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உறங்கும்போது நின்றுவிடுகிறது என்று உலகம்மாள் திருத்தினாள். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு திருத்தம்.

இனி ஐப்பசிக்கு வருகிறேன்.

இரண்டு நாள் அடைமழை. முன்தினமே பறித்த பிச்சி மொட்டுகளை ஈரச் சாக்கில் மூடி வைத்திருந்தோம். விடியலில் மின்சாரம் இல்லை. அகல் வெளிச்சத்தில் தொடுக்க அமர்ந்தோம். முப்பிடாதி சாக்கைப் பிரித்தாள். துணிக்கு மேலேயே கையை வைத்து மூக்கை அழுத்தினாள்.

“ஐயா, இதுல அழுகல் வாடை அடிக்கி. இது சாமிக்கு ஆகாது.”

நான் அவளைப் பார்த்தேன். வாடை அடிக்கிறதென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூக்கு இருக்கில்லா என்றாள். அப்படியானால் சாமிக்குரிய பூவை நீ நுகர்ந்திருக்கிறாய் என்றேன். அவள் துணியை அவிழ்த்து மடித்து என் முன்னால் வைத்தாள். நல்ல சட்டம், நல்ல காவல் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

நான் தனியே தொடுத்தேன். ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. பருத்த மாலை ஐயா, வெளியே வெள்ளை வெளேரென்று. பட்டர் வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்சம் என்று நினைத்தேன். சாத்தினார்கள். கருவறைக்கு எதிரே நின்ற பெண்கள் எல்லாரும் முந்தானையால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார்கள். ஆண்கள் துண்டால் மூடிக்கொண்டார்கள். ஒருவர் பாக்கியில்லை. பத்தொன்பது ஆண்டுகளாக நான் எடுத்துச்சொன்ன நியமம் ஒரே நாளில் ஊர் முழுவதும் பலித்துவிட்டது என்று கண்கலங்கி நின்றேன்.

தீபாராதனையைப் பட்டர் ஒரே சுற்றில் முடித்தார். வெளியே வந்து என் காதருகில், “அண்ணாச்சி, மாலையைக் கழற்றிட்டேன். உள்ளே எல்லாம் அழுகல். சாமி பொறுப்பார், எனக்குக் குமட்டுது” என்றார்.

ஐயா, நான் இதுவரை வேடிக்கையாகப் பேசிவந்தேன். இதை மட்டும் அப்படிச் சொல்ல இயலவில்லை. முதல் மணம் அவனுக்கு என்று ஊரையே விரட்டினேன். அவன் தோளில் நான் சாத்தியது அது.

மறுவாரம் உலகம்மாள் என்னை இந்த டாக்டர் எப்சிபாவிடம் அழைத்து வந்தாள். நல்ல பெண்மணி. பைபிள் வாசகம் எழுதிய நாட்காட்டியின் கீழே அமர்ந்திருப்பார். என் திருநீற்றைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். நான் கையைக் காட்டினேன். அவர் கையைப் பாராமல், காலைக்கடன் எப்படி என்று கேட்டார். கை நடுக்கத்துக்கு வந்தவனிடம் கேட்கும் கேள்வியா? ஆறு ஆண்டுகளாக மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்று உலகம்மாள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அந்நியர் முன்னிலையில் என் வயிறு இப்படி வெளியானதே இல்லை. பிறகு கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே சில டப்பாக்களைக் காட்டினார். காப்பித்தூள், கிராம்பு, சோப்பு. நான் மூன்றுக்கும் திருநீறு என்று விடை சொன்னேன். என் நெற்றியில் இருப்பது அதுதானே, தவறாகாது என்று கணக்கிட்டேன். கனவில் உதைப்பது உண்டா என்றார். காளைக் கதையைச் சொன்னேன். உலகம்மாள் முழங்காலைக் காட்டினாள். விரல் செபத்தைக் காட்டினேன். ஒரு டம்ளரை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் விரல் நின்றுவிட்டது. கை ஓய்ந்திருக்கும்போது வருவது, வேலை செய்யும்போது நிற்பது, இது அந்த வகை நடுக்கம் என்றார்.

பிறகு பெயர் சொன்னார். பார்கின்சன். என் ஞானப்படிகள் ஏழையும் ஒரே வரியில் எழுதி முடித்தார். மணம் போவது, மலச்சிக்கல், கனவில் உதைப்பது எல்லாம் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு வந்துவிடுமாம். சிலருக்கு இது குடலிலேயே தொடங்கி மேலே ஏறலாம் என்றும் ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்களாம். உறுதி இல்லை என்று இரண்டு முறை சொன்னார். உறுதியில்லாததை உறுதியில்லை என்று சொல்லும் மருத்துவரை நான் மதிக்கிறேன்.

நான் வரைவாளன் அல்லவா, படம் போட்டுக் காட்டும்படி கேட்டேன். மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்தார். மூளையின் அடியில் ஓரிடத்தில் சில நரம்புச் செல்கள். நம் அசைவு நயமாக வருவதற்கு அவை ஒரு பொருளைச் சுரக்கின்றன. அவற்றுக்குள் ஒரு புரதம் முறுக்கிக்கொண்டு கட்டியாகிறது. சுற்றிலும் சிலந்தி போலச் சில செல்கள் வரைந்தார். இவை காவல் செல்கள் என்றார். குப்பை அள்ளுவது, கிருமி வந்தால் விரட்டுவது இவற்றின் பணி. அந்தக் கட்டியைக் கண்டதும் இவை எழுந்துகொள்கின்றன. இதற்கு அழற்சி என்று பெயர். எழுவது நல்லதுதான். ஆனால் எழுந்தவை மறுபடி உட்காருவதில்லை. விரட்டிக்கொண்டே இருக்கின்றன. அவை கக்கும் பொருளால் பக்கத்தில் சும்மா இருந்த நல்ல செல்களும் சேதமடைகின்றன. செத்து விழுவதைப் பார்த்ததும் குப்பை கூடிவிட்டது என்று இன்னும் ஆவேசமாகின்றன.

நான் ஐயத்தைக் கேட்டேன். “இந்தக் காவலர்களை ஏவியது யார்? பகைவரா?”

“இல்லீங்க ஐயா. நம்ம ஆட்கள்தான். கெட்ட எண்ணம் கிடையாது. இடத்தைச் சுத்தமா வச்சிருக்கிறதாத்தான் அவங்க நினைப்பு. கடைசியில பார்த்தா அங்க வேலை செய்யவே ஆள் மிஞ்சியிருக்காது.”

அந்த நேரம் பார்த்து உலகம்மாள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பல்ல. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நாற்காலி ஆடச் சிரித்தாள். கணவனுக்கு மூளை நோய் என்று சொல்லும் இடத்தில் ஒரு பெண் சிரிக்கலாமா? டாக்டரம்மாவும் காரணம் தெரியாமல் சிரித்தார். எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்ன, நீங்களுமா? சரி, சிரியுங்கள். கைக்குட்டை இருக்கிறது, மறைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட மூடக் காவலர்களை மொத்தமாக நீக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். நீக்கினால் குப்பை அள்ள யாரும் இல்லை என்றார். அவர்களை அமைதிப்படுத்தி உட்கார வைக்கும் மருந்தைத்தான் உலகமெங்கும் தேடுகிறார்களாம். இன்னும் கைக்கு வரவில்லை. காவலர் எழுந்ததால் செல் கெட்டதா, செல் கெட்டதால் காவலர் எழுந்தனரா என்பதும் முடிவாகவில்லை. விதையா மரமா என்ற பழைய வழக்குதான். இப்போது தரும் மாத்திரை குறைந்துபோன பொருளை ஈடு செய்யும், நோயை நிறுத்தாது. சாப்பிடத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. சட்டைப் பொத்தானை நானே போடுகிறேன். மூக்குக்கு மட்டும் மாத்திரை உதவாது என்று சொல்லிவிட்டார்.

வீடு திரும்பியதும் முப்பிடாதியிடம் போனேன். பிழை என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்று, “முப்பிடாதி, உன் மூக்கை நான் நம்பியிருக்க வேண்டும். பொறுத்துக்கொள்” என்று நெஞ்சுருகச் சொன்னேன். நெஞ்சு உருகியது, முகம் உருகவில்லை. மாத்திரை அப்போது தொடங்கிய புதிது, குரலும் எழவில்லை. அவள் கண்டது தன் வாசலில் வந்து கல்போல முறைத்துக்கொண்டு உதட்டை அசைக்கும் ஒரு கிழவனை. முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

“நீக்கியாச்சு. மழையில அனுப்பியாச்சு. இன்னும் என்னய்யா பாக்கி? வீடு தேடி வந்து முறைக்கணுமா?”

கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு இன்னொரு முறை சொன்னேன். அதற்கும் கேட்கவில்லை.

சென்ற வாரம் உலகம்மாள் போய் நோயை விளக்கியிருக்கிறாள். அவுக முறைக்கலை, முகம் அப்படியே நின்னு போச்சு, இத்தனை வருசம் கூட இருந்த எனக்கே நோய் எது கோவம் எதுன்னு தெரியலை என்றாளாம். பிறகு இருவருமாகச் சிரித்திருக்கிறார்கள். காவல் செல் கதையையும் இவள் சொல்லியிருப்பாள் என்று சந்தேகிக்கிறேன்.

இன்று காலை முப்பிடாதி கொடுத்தனுப்பியதுதான் இந்தப் பொட்டலம். தேக்கிலையில் வைத்து வாழைநாரால் இறுகக் கட்டியிருக்கிறாள். பிச்சிப்பூவாம். திரும்பும் வழியில் திருநெல்வேலிப் பெரிய கோயிலில் என் கையால் சாத்த வேண்டுமாம். “சாத்துறதுக்கு முன்னால என்ன செய்யணும்னு ஐயாவுக்கே தெரியும். அதைச் செஞ்சா நான் திருவாதிரைக்கு வாரேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். எனக்கென்ன தெரியாதா? கை கால் கழுவ வேண்டும், வாயில் துணி கட்ட வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் செய்ததுதானே என்று உலகம்மாளிடம் சொன்னேன். அவள் பேருந்தில் முன்னால் ஜன்னலோரம் போய் அமர்ந்துகொண்டாள்.

இப்போது எந்த எண்ணைக் கூப்பிட்டார்கள்? முப்பத்தாறா. நெருங்கிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் அதைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன் போலிருக்கிறது. காலையிலிருந்து இந்தப் பொட்டலத்தை மடியில் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது எப்படியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. பூ வெள்ளையாகத்தான் இருந்தது ஐயா. வெள்ளையாகத்தான் இருந்தது. சாமிக்கு முதல் மணம் போக வேண்டும் என்பது நியமம், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன மணம் என்று யாராவது ஒருவர் அறிந்திருக்க வேண்டாமா? ஒரே ஒரு பூவை எடுத்துவிடுவோம். அது மூக்குக்கு. மற்றவை அவனுக்கு. என் வாழ்நாளில் எவரிடமும் கேட்காததைக் கேட்கிறேன். இந்தப் பூவை முகர்ந்து சொல்வீர்களா?

என்ன, பிரிக்க வேண்டாமா?

பிரிக்காமலே தெரிகிறதா?

நீங்கள் வந்து அமர்ந்ததிலிருந்தா?

அப்படியானால் அது ஃபினாயில் இல்லையா? பேருந்தில் அந்த இருக்கை... என் மனைவியின் ஜன்னல்... சரி. சரி. விளங்குகிறது. நாரை அவிழுங்கள், என் விரலுக்கு வராது. ஆம், பழுப்பு. குழைந்துவிட்டது. நாலு நாள் ஈரச்சாக்கில் முப்பிடாதி வேண்டுமென்றே வைத்திருக்க வேண்டும். சத்துணவு மையத்தில் முப்பது ஆண்டு. எது எத்தனை நாளில் கெடும் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்காமல் கொண்டுபோய்ப் பெரிய கோயிலில் நீட்டியிருந்தால் அங்கேயும் ஒரு பட்டர் முகத்தைத் திருப்பியிருப்பார். நான் கூச்சம் என்று நினைத்திருப்பேன்.

இதோ உலகம்மாள் காப்பி வாங்கிக்கொண்டு வருகிறாள். பாருங்கள், அவளும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் வருகிறாள். பொட்டலம் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். உங்களைப் பார்க்கிறாள். காப்பியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டீர்களா? என் செவி இன்னும் வசமாகவில்லை, நன்றாகவே கேட்கிறது.

“அவுக கேட்டுட்டாக முப்பிடாதி. மோந்து பாக்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்டுட்டாக. நாளைக்கே வந்திரு.”

முப்பத்தேழு, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எழுந்து நிற்கக் கொஞ்சம் கை கொடுங்கள். அந்த இலையை வெளியே குப்பைக் கூடையில் போட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியம். முகத்தைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்துவிடாதீர்கள் ஐயா. நான் இப்போது சிரித்துக்கொண்டிருக்கிறேன்.